பள்ளிக்கூடத்தின் மூலை மேசை

தம்பி, நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய், அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போது குறுக்கே பேச உன்னால் முடியாது, அது எனக்கு வசதி. நம் வீட்டில் பேச்செல்லாம் தெலுங்கு. ஆனால் தெலுங்கில் ஓர் எழுத்துகூட எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. சாத்தூர்ப் பக்கத்து நம் ஆட்கள் எல்லாருடைய கதையும் இதுதான், வாயில் தெலுங்கு, கையில் தமிழ். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். கம்பெனி பஸ்ஸில் பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திரா போய்ச் சேர்வதற்குள் நீ படித்துவிடலாம். என் கையெழுத்தைப் பற்றி அங்கிருந்து கிண்டல் மெசேஜ் அனுப்பாதே.

முதலில் என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், அதை அடக்கிக்கொண்டு புத்தி சொல்ல எனக்கு வராது. உன் பணி நியமன உத்தரவு போனில் வந்தபோது நான் ஓசூர் ஃபேக்டரி கேன்டீனில் இருந்தேன். அரசு மேல்நிலைப் பள்ளி, இளநிலை உதவியாளர், கீழே உன் பெயர், உன் பெயருக்கு முன்னால் என் இனிஷியல். நான்கு முறை படித்தேன். பிறகு போன் கைமாறிக் கைமாறி நான் வேலை பார்க்கும் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் முழுக்கச் சுற்றிவிட்டு, திரை முழுக்க ஆயில் கறையோடு திரும்பி வந்தது. சாயந்திரம் செக்‌ஷனுக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் சேர்த்து. இருபத்து மூன்று வருஷமாக என் பையைச் சோதனை போடுகிறவர் அன்றைக்குச் சோதனை போடவில்லை. அந்தக் குஷியில் உனக்குப் போன் செய்தால் நீ சொல்கிறாய், "அப்பா, அது வெறும் கிளார்க் வேலைப்பா. வாத்தியாரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. மூலையில உக்காந்து பேப்பர் தள்ளணும். இங்க எனக்கு இன்ஜினியர்னு ஐடி கார்டு இருக்கு. நான் சேரப் போறதில்ல."

வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் உன் கையைவிட்டுப் போய்விடும். அது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை அந்த 'வெறும்'. அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும், அது என் வாயிலிருந்து வந்தது. நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் கம்பெனி வாசலில் வைத்து, உன் காதுபட, நான் சொன்னது. அன்றைய பேச்சில் நீ கேட்டது பாதி. மறுபாதியை இத்தனை வருஷமாக உன்னிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் மரியாதை குறைந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது உன் வேலையே அதனால் போகும்போலிருக்கிறது, இனிமேல் என் மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

அப்போது எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் என்ன தெரியும் என்று நினைக்கிறாய்? எனக்குத் தெரிந்தது ஒரே ஓர் உலகம், ஃபேக்டரி. பள்ளிக்கூடத்தையும் அப்படியே பார்த்தேன். ஹெட்மாஸ்டர் பிளான்ட் ஹெட், வாத்தியார்கள் மெஷினில் நிற்கிறவர்கள், மற்றவர்கள் எல்லாம் ஹெல்பர். ஏதாவது தப்பு நடந்தால் நேரே மேலே போய் மேசையைத் தட்ட வேண்டும், இதுதான் என் வழி. ஏழாம் வகுப்பில் நீ இளைத்துக்கொண்டே போனாயே, அப்போது யூனிபார்மோடு ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழைந்து சத்தம் போட்டேன். அவர் உன் வகுப்பாசிரியரைக் கூப்பிட்டார். வகுப்பாசிரியருக்கு ஒன்றும் தெரியவில்லை, "நல்லாத்தானே படிக்கிறான்" என்றார். மூன்று பேரும் விழித்துக்கொண்டு நிற்கும்போது சத்துணவுச் சமையல் அக்கா வாசலைத் தாண்டிப் போனார். நின்று, "அந்தப் பையனா? முட்டைய மட்டும் வாங்கிக்கினு ஓடிடுவான் சார், சோத்தத் தொடவே மாட்டான். கிரவுண்டுல எடம் புடிக்கணுமாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாத்தியாருக்குத் தெரியாதது அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது, தட்டைப் பார்க்கிறவர் அவர்தான். எனக்கு அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன்னைத்தான் அடித்தேன்.

இன்னொரு கிறுக்கும் எனக்கு இருந்தது, அது உனக்கே தெரியும். எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட்டாளி ஒருவன் அவசரமாக ஊருக்குப் போகிறேன் என்றான். அவன் பார்த்த சரக்கு லாட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். லாட் முழுக்கக் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது. மூன்று நாள் சஸ்பென்ஷன் எனக்கு, அவன் ஊரில் கிடா விருந்தில் இருந்தான். அதிலிருந்து, நான் செய்யாத வேலைக்கு என் கையெழுத்துக் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். ஃபேக்டரியில் அது நல்ல பழக்கம். அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன் பார், அங்கேதான் கெட்டது.

உன் பத்தாம் வகுப்பில் பள்ளியிலிருந்து ஒட்டின கவரில் ஒரு தாள் வந்தது. பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், அதில் உன் விவரம் உள்ள பகுதி, பெற்றோர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று. நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "எழுதினவங்களே கையெழுத்துப் போடச் சொல்லு, நாளைக்கு எதுனாச்சும் ஆனா என் தலையில கட்டுவாங்க" என்று உன்னிடமே திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் முறையும் வந்தது, அப்படியே போனது. மூன்றாம் முறை வந்தபோது எனக்குக் கோபம். ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டு, "ஆபீஸ்ல ஒரு அம்மா பேப்பரா அனுப்பித் தொந்தரவு பண்றாங்க சார்" என்றேன். அவர் நிதானமாக, "ரேணுகா மேடம் மூணு தடவ அனுப்புனாங்கன்னா ஏதோ விஷயம் இருக்கும்ங்க, ஒரு எட்டு வந்து பாத்துடுங்க" என்றார். நான் போகவில்லை. எனக்கு அந்த வாரம் ஓவர்டைம்.

அந்தச் சாயந்திரம் உனக்கு நினைவிருக்கும், நீதானே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். முதல் ஷிஃப்ட் விட்டு நானூறு பேர் ஒரே நீலச் சட்டையில் வெளியே வருகிறோம். கேட்டுக்கு வெளியே ஒரு மேடம் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, வருகிறவனிடமெல்லாம் என் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். ஒருவனிடம் கன்னடத்தில், அடுத்தவனிடம் தெலுங்கில், அதற்கடுத்தவனிடம் தமிழில். கர்நாடக எல்லையில் இருக்கிற பாகலூர்க்காரர், அவருக்கு மூன்றும் ஒன்றுதான். நீ பள்ளிச் சட்டையில் பக்கத்தில் நின்று என்னைக் கை காட்டினாய். கூட வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். எனக்கு மானம் போனது போலாகிவிட்டது. பையன் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறான் என்று எல்லாரும் நினைத்திருப்பார்களே. அந்த எரிச்சலில் கேட்டேன்.

"எதுக்கு இங்கெல்லாம் வர்றீங்க? நீங்க டீச்சரா? வெறும் கிளார்க்குதானே. பேசணும்னா டீச்சர வரச் சொல்லுங்க."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். அவர் முகம் மாறவில்லை. உன்னைப் பார்த்து, "கண்ணு, போயி எனக்கு ஒரு தண்ணி பாட்டில் வாங்கினு வா," என்று டீக்கடைக்கு அனுப்பினார். நீ போனாய். நீ கேட்டது இவ்வளவுதான்.

இனி நீ கேட்காதது. நீ நகர்ந்ததும் அவர் ஃபைலைத் திறந்தார். "டீச்சருங்க பாடம் நடத்துவாங்க சார். பட்டியல்ல பையன் சரியா இருக்கானான்னு பாக்குறது என் வேலை. ஒரு தடவ படிச்சிடுங்க. அப்புறம் எவ்ளோ வேணாலும் திட்டுங்க." பைக் சீட்டின் மேல் தாளை வைத்துப் படித்தேன். பெயர் சரி. பிறந்த தேதி சரி. போட்டோ நீதான். அடுத்த வரியில், மொழிப்பாடம், தெலுங்கு.

தம்பி, அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். தமிழ் வகுப்பில் ஐந்து வருஷம் உட்கார்ந்து படித்த பையன், பொதுத்தேர்வில் முதல் நாள், முதல் தாள், தெலுங்கில் ஒரு கேள்வித்தாளைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறான். நம் தெலுங்கில் சண்டை போடலாம், மாடு ஓட்டலாம், உன் அத்தையைக் கிண்டல் செய்யலாம். பரீட்சை எழுத முடியுமா? பயம் வந்தால் எனக்கு என்ன வரும் என்று உனக்குத் தெரியும், கோபம் வந்தது. "யார் பண்ண தப்பு இது? பேரச் சொல்லுங்க" என்று கேட்டேன். எங்கள் லைனில் முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

அவர் அடுத்த தாளைத் திருப்பினார். ஆறாம் வகுப்பில் உன்னைச் சேர்த்தபோது கொடுத்த விண்ணப்பத்தின் நகல். தாய்மொழி என்ற இடத்தில், என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், தெலுங்கு. சாத்தூரில் எல்லாப் பாரத்திலும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தோம், அங்கே அதனால் ஒன்றும் ஆனதில்லை. ஓசூர்ப் பக்கத்துப் பள்ளியில் தெலுங்கு வகுப்பும் தனியாக இருக்கிறது என்பது எனக்கு எங்கே தோன்றியது.

நான் நின்ற நிலையைப் பார்த்து அவரே சொன்னார். "தப்புன்னு சொல்ல முடியாதுங்க சார். உள்ளதத்தான் எழுதியிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல ஏத்துனவங்க அதப் பாத்து மொழிப்பாடத்தையும் அப்படியே போட்டுட்டாங்க. நான் மாத்தலாம்தான், ஆனா பெத்தவங்க கையெழுத்து இல்லாம மொழிய மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. பட்டியல நாளைக்குக் காலைல மூடிடுவாங்க." பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக, நான் எழுதாத ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அவருடைய பேனாதான். நீ தண்ணீர் பாட்டிலோடு வந்தாய். "என்னப்பா?" என்றாய். "ஒண்ணுமில்ல, ஏதோ கையெழுத்து" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபைலை மூடினார். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். நான் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

முதல் பரீட்சை முடிந்து நீ வீட்டுக்கு வந்து, "தமிழ் ஈசிப்பா, கட்டுரை சூப்பரா எழுதியிருக்கேன்" என்று பையை எறிந்துவிட்டுக் கிரிக்கெட்டுக்கு ஓடினாய். நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா கதவைத் தட்டி, தண்ணீர் வீணாகிறது என்று சத்தம் போட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வெறி வந்தது. பள்ளிக்கூடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒன்று விடாமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெறி. பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு முறைகூட வராதவன் எல்லாக் கூட்டத்துக்கும் போக ஆரம்பித்தேன், நீ வெட்கப்பட்டு என்னைத் தெரியாதது போல நடந்தாய். ஹெட்மாஸ்டர் முடிவெடுப்பார், பொறுப்பு அவருடையது, ஆனால் உன் நோட்டு முடிந்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது, அதை வகுப்பாசிரியரிடம் கேட்க வேண்டும். யார் யாரோடு சண்டை, யார் வீட்டில் பிரச்சினை என்பது பி.டி. சாருக்குத் தெரியும், பிள்ளைகள் ஓடும்போது பேசுவதை அவர் கேட்கிறார். கேட்டுக்குள் யார் வந்து பிள்ளையைக் கூட்டிப் போகிறார்கள் என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். ஒரு பிள்ளை இந்தப் பள்ளியில் இருக்கிறது என்பதற்கே அத்தாட்சி மூலை மேசையில் இருக்கிறது. சேர்க்கை, வருகை, ஸ்காலர்ஷிப், பரீட்சை, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அந்த மேசை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஒரு வரி தப்பானால் நல்ல வாத்தியார் பத்துப் பேர் சேர்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு புது மெஷினைப் பிரித்துப் பார்த்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. செக்‌ஷனில் பிள்ளைகள் படிக்கிற ஆட்களுக்கெல்லாம் நான்தான் இன்றைக்கும் ஆலோசகர். "இதுக்கு ஹெட்மாஸ்டர்கிட்ட போகாதீங்க, இவருகிட்ட போங்க" என்று டீ இடைவேளையில் வகுப்பெடுக்கிறேன், சிரிக்காதே.

நீ போனை வைத்த மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மைசூர்பாகு டப்பாவோடு ரேணுகா மேடத்தைப் பார்க்கப் போனேன். அதே பள்ளி, அதே மூலை, இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். உன் உத்தரவைக் காட்டினேன். சிரித்துவிட்டார், "எங்க கிளார்க் ஜாதியில வந்து சேர்றானா" என்று. எத்தனையோ வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது வெளியே எடுத்தேன். "மேடம், அன்னைக்குக் கம்பெனி கேட்டுல நான் பேசுனது..."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எந்த கேட்டு சார்? அந்த வருஷம் நாலு கேட்டுக்குப் போனேன். நாலு எடத்துலயும் திட்டுத்தான்."

அவருக்கு என்னை நினைவில்லை, தம்பி. நான் திட்டியதும் நினைவில்லை. உன் பெயரைச் சொன்னதும், "ஆங், மொழி மாறிப் போன பையன்தானே?" என்றார். அது மட்டும் நினைவிருக்கிறது. நான் பெரிய பாவம் செய்துவிட்டதாகச் சுமந்துகொண்டிருந்தேன், அவருக்கு அது ஒரு சாயந்திரத்து வேலை, நான்கில் ஒன்று. மற்ற மூன்று அப்பாக்களாவது நன்றி சொன்னார்களா என்று கேட்டேன். "அவங்க புள்ளைங்க பரீட்ச எழுதுனாங்க சார்" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, முதல் நாள் நீ என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அசல் சான்றிதழ்கள், மருத்துவச் சான்று, போட்டோக்கள். மறந்துவிடுவாய் என்று மருத்துவச் சான்றின் கீழே இரண்டு கோடு.

உன் பள்ளி தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றதும் அவர் சிரிப்பு நின்றது. "அங்க ரெண்டு வருஷமா கிளார்க் இல்லைங்க சார். கணக்கு டீச்சர்தான் எல்லாப் பட்டியலையும் பாக்குறாங்க. பாவம், அவங்க பாடம் நடத்துவாங்களா, இதப் பாப்பாங்களா." அந்த ஊரில் யானை வருகிறது என்று அப்பன்மார் ராகிக் காட்டிலேயே காவல் கிடக்கிறார்கள், தாள் அனுப்பினால் திரும்பி வராது என்றார். அங்கேயும் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிக்கொண்டு தமிழில் படிக்கிற பிள்ளைகள் வகுப்புக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். இந்த வருஷத்துப் பத்தாம் வகுப்புப் பட்டியலை எந்த வாரம் மூடுவார்கள் என்று கேட்டுக்கொண்டேன். நெருங்கிவிட்டது.

உன் ஐடி கார்டைக் குறைத்துப் பேச மாட்டேன். நீ அந்தக் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கும் நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தவன்தான். இன்ஜினியர் வேலைதான் உனக்குப் பிடிக்கிறது, அதில்தான் உன் மனது இருக்கிறது என்றால் அங்கேயே இரு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அம்மாவையும் பேச விட மாட்டேன். ஒருவேளை நீ அந்த மேசையில் உட்கார்ந்தால், உன்னையும் எவனாவது நான்கு பேர் முன்னால் திட்டுவான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்பான். அவனிடம் கோபப்படாதே, அவனுக்குத் தெரியாது. அவனைப் படிக்க வை. அவன் பிள்ளையை மட்டும் அந்த இடத்திலிருந்து தள்ளி அனுப்பிவிட்டு, பிறகு ஃபைலைத் திற. அப்பன் தலைகுனிவதைப் பிள்ளை பார்க்காமல் இருப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான் என்று எனக்கு இப்போதுதான், இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் புரிகிறது.

வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தேன்கனிக்கோட்டை பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். நீ வந்தால் பள்ளி கேட் வரைக்கும் கூட வருகிறேன், உள்ளே வர மாட்டேன். வராவிட்டாலும் வருத்தமில்லை. ஆனால் வராமல் இருப்பதற்கு உனக்கென்று ஒரு காரணம் இருக்கட்டும், தம்பி. அன்றைக்கு நான் பேசிய பேச்சைக் காரணமாக வைத்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதே.

உன் அப்பா